பெரியம்மாவின் மோட்டார் ஓடியது உண்மைதான்

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் சுகம் என்று நேற்றுத்தான் போனில் சொன்னாய், அதனால் அதை விசாரித்துக் காகிதத்தை வீணாக்கவில்லை. இங்கே எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான். போனில் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நீ, "சரிம்மா, ரிப்போர்ட்ட முடிச்சிட்டுப் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்ததே அந்த ரிப்போர்ட்டைப் பற்றித்தான் என்பது உனக்கு எப்படித் தெரியும்? அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. படித்து மடித்து வைத்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு யார் யார் வந்திருந்தார்களோ அத்தனை பேரையும் மறுபடி உட்கார வைத்து, அவர்கள் காதில் விழும்படி படி. அதற்காகத்தான் இதை இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் பெரியம்மா விருத்தாம்பாள் எழுந்து சொன்னாளே, நம் கிணற்றை நீ அளந்த அன்று அவள் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று, அது நிஜம். அதை நிறுத்தும்படி நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னதாக உன்னிடம் சொன்னது பொய். கூட்டத்தில் சொன்னது அதைவிடப் பெரிய பொய். இந்த மாதக் கடைசியில் நீ ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு டெல்லி வேலைக்குப் போய்விடுவாய். நீ போன பிறகு இந்த ஊர்க் கிணறுகளை அளக்க இன்னொருவர் வரப்போவதில்லை. நிலத்தடித் தண்ணீர் ஓட்டத்துக்கு நீ போட்ட படத்தில் என்ன இருக்கிறதோ அதன்படி குழாய் போடுவார்கள், மாதாகோயில் தெருவை விட்டுவிடுவார்கள், அந்தத் தெருக்காரர்கள் இப்போது குடிக்கிற தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்னால் நீ வந்து இன்னொரு தடவை அளக்க வேண்டும். கெட்டிக்காரப் பெண்ணைப் பெற்றவள் என்று ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவள், அந்தப் பெண்ணின் கணக்கையே கெடுத்துவிட்டு எழுதுகிற கடிதம் இது.

என் ஞாபகசக்தி உனக்குத் தெரியும். யார் வீட்டுக் கல்யாணத்தில் என்னை எந்தப் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பது வரைக்கும் மறக்காது. மறக்காததைப் பெருமையாகவும் நினைத்து வந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நிலத்துக்கு நடுவில் வரப்புப் போட்டுவிட்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? முறை வைத்தார்கள். ஒரு நாள் அவர்கள் இறைக்க வேண்டும், மறுநாள் நாம். அப்பா மஞ்சள் காமாலையில் கடலூர்ப் பெரியாஸ்பத்திரியில் கிடந்த கோடையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அங்கும் இங்கும் அலைந்தேன். நம் முறை நாட்களிலும் பெரியம்மா வீட்டில் இறைத்துக்கொண்டார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் நம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தன. போய்க் கேட்டேன். "நீதான் ஊர்லயே இல்லியே, தண்ணி சும்மாதான கெடந்துச்சு" என்றாள். எனக்கு அந்த வருஷ மல்லாட்டை போனதுகூடப் பெரிதில்லை. அந்தச் 'சும்மாதான' என்பதை அவள் சொன்ன விதம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிறகு நம் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, தங்கள் பாகத்தில், போர் போட்டார்கள். கிணறு வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கியது. நான் பேச்சை நிறுத்தினேன். அவள் வாசலைக் கடக்கிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு ஒரு பக்கக் கழுத்தே பிடித்துக்கொண்டது என்று உன் அப்பா கேலி செய்வார்.

அப்பா போய்ச் சேர்ந்தபோது உனக்குச் சிதம்பரத்தில் காலேஜ் பரீட்சை. காரியம் முடியவில்லை, நான் வாசல் தாண்டக் கூடாது. நீ மூலையில் உட்கார்ந்து பரீட்சையே வேண்டாம் என்று அழுதாய். யாரையும் கேட்காமல் பெரியம்மா வந்து, உன் தலையை வாரி, முதுநகரில் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். நீ எழுதி முடிக்கும்வரை காலேஜுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தூக்கில் புளிசோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தத் தூக்கு நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. பிறத்தியார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி அரிசியாவது போட்டு அனுப்ப வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்தவள் நான்தான். அவள் தூக்கை உன் கையிலேயே வெறுமையாகக் கொடுத்தேன். "ஒண்ணும் போடலியாம்மா?" என்று கேட்டாய். "போ" என்றேன். நீ போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். அங்கே என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

இனி அந்த அளவு எடுத்த கதைக்கு வருகிறேன். மருந்துக் கம்பெனிக் கழிவு கலந்த தண்ணீர் நிலத்துக்கடியில் எந்தத் தெருவை நோக்கிப் போகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை உனக்கு வந்தது. சொந்த ஊருக்கே வந்தது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அளக்கிறதற்கு முதல் நாளே வருவதாக இருந்தாய், குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. போனில் பாடம் மாதிரி எனக்குச் சொன்னாய். "சாயங்காலத்துலேர்ந்து அந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு மோட்டாரும் ஓடக் கூடாதும்மா. தண்ணி அசந்து நிக்கணும். அப்ப அளந்தாத்தான் நெஜமான மட்டம். எல்லார்கிட்டயும் நீ போய்ச் சொல்லிடு. முக்கியமா பெரியம்மாகிட்ட. அவுங்க போர் நம்ம கெணத்த ஒட்டி இருக்கு." சரி என்றேன். தெரு முழுக்கப் போய்ச் சொன்னேன். கேலி செய்தவர்களிடம்கூட நின்று விளக்கிச் சொன்னேன். பெரியம்மா வீட்டு வாசலில் அவள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனேன். அவள் வீட்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறது, கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும் என்பது எனக்குத் தெரியும். மோட்டார் போருக்குள்ளே ஆழத்தில் இருப்பதால் வெளியே சத்தம் கேட்காது என்பதும் தெரியும்.

இதை மறதி என்று நினைத்துவிடாதே. எனக்கு மறதி கிடையாது. வீம்பு என்றும் விட்டுவிடாதே, வீம்புக்கு அப்புறமும் ஒன்று இருந்தது. அவள் போர் நம் கிணற்றைக் குடிப்பது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. நீ வந்து அளந்தால் அது சர்க்கார் காகிதத்தில் ஏறும், இத்தனை கீழே போயிருக்கிறது பார் என்று பெரிய எழுத்தில் இருக்கும். நம் பாகத் தகராறுக்கு, நீ கிணற்றில் இறக்கி அளக்கிற டேப்பைச் சாட்சியாக இழுத்தேன் கண்ணு. நீ எதற்காக அளக்கிறாய் என்பதை யோசிக்கவே இல்லை. விடிந்ததும் வந்து டேப்பை இறக்கினாய். அது தண்ணீரைத் தொட்டுக் கீச்சென்று சத்தம் கொடுத்ததும் நம்பாமல் மேலே இழுத்து மறுபடி இறக்கினாய். "என்னம்மா இவ்ளோ கீழ கெடக்குது. பெரியம்மா மோட்டார நிறுத்திட்டாங்கதான?" என்று கேட்டாய். அவள் கொல்லை வாய்க்கால் ஈரமாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். "சொல்லிட்டேன்" என்றேன். நீ நிறுத்தினார்களா என்று கேட்டாய், நான் சொல்லிட்டேன் என்றேன். நீ குனிந்து எழுதிக்கொண்டாய். எழுதுகிற உன் கையைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கு இட்லி ஊற்றும்போதும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சிதம்பரம் வந்திருந்தபோது கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைக் காட்டினாய். நம் ஊர் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது, அதன்மேல் நீலத்தில் குட்டிக் குட்டி அம்புகள். நிலத்துக்கடியில் தண்ணீர் குளம் மாதிரி நிற்பதில்லை, நடக்கிறது, மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு மெதுவாகப் போகிறது என்றாய். இரண்டு கிணற்றுக்கு நடுவில் தோண்டிப் பார்க்க முடியாது, அளந்த கிணறுகளை வைத்து நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும் என்றாய். எனக்குப் புரிந்தது. விரித்துப் போட்ட புடவையை ஒரு இடத்தில் பிடித்துக் கிள்ளி இழுத்தால் மடிப்பெல்லாம் அங்கே ஓடிவரும் இல்லையா, அதேபோல அம்புகள் எல்லாம் வளைந்து நம் கிணற்றைப் பார்த்து ஓடிவந்தன. உப்பனாற்றுப் பக்கம் இருக்கிற மாதாகோயில் தெருவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. ஒரு கிணறு தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "சுத்தி எல்லாமே சாஞ்சிடும்மா. அந்தப் பக்கம் தூர்க்காத கெணறு நம்மளது ஒண்ணுதான். எனக்கே அந்த அளவுமேல சந்தேகமா இருந்துச்சு, எடுத்துப் போட்டுடலாம்னு பாத்தேன். நீ இருந்து சொல்லி நிறுத்துனது ஆச்சே, அதனால வச்சிக்கிட்டேன்" என்றாய். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். பேத்திக்குத் தலை துவட்டுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். துவட்டிய தலையையே துவட்டிக்கொண்டிருந்தேன், குழந்தை வலிக்கிறது என்று கத்தியது.

அப்புறம் கூட்டம். பள்ளிக்கூடத்துச் சுவரில் அதே படத்தைப் பெரிதாகக் காட்டினாய். நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கழிவு நம் பக்கம் வருவதால் நம் தெருவுக்கு முதலில் குழாய்த் தண்ணீர், மாதாகோயில் தெருவின் கைப்பம்புக்கு ஆபத்தில்லை என்று அதிகாரி சொன்னதும், என்னோடு நூறு நாள் வேலைக்கு வருகிற ஸ்டெல்லா எழுந்தாள். அந்தத் தண்ணீரில் சோறு மஞ்சளாகிறது, மழை பெய்தால் மருந்து நாற்றம் அடிக்கிறது என்றாள். நீ மரியாதையாகத்தான் பேசினாய். கணக்குப்படி அந்தப் பக்கம் ஓட்டம் இல்லை, வேறு காரணம் இருக்கலாம் என்றாய். "ஒன் கம்ப்யூட்டரு அதக் குடிக்கல பாப்பா, நாங்க குடிக்கிறோம்" என்றாள் ஸ்டெல்லா. அவள் தெருக்காரர்கள் கொஞ்சம் சிரித்தார்கள். உன் முகம் சுண்டியது. அப்போதுதான் பின்னாலிருந்து பெரியம்மா எழுந்தாள்.

"ஏம்மா, நீ அளந்தியே, அன்னிக்கி என் மோட்டாரு ஓடுச்சே. யாரும் வந்து நிறுத்தச் சொல்லலியே" என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. உனக்கு உதவுகிற குரல்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஊரில் மற்ற எல்லாருக்கும் சொன்னவள் நான்தானே. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். உன் கணக்கும் தப்பியிருக்கும். நான் எழுந்து, "வாசல்ல நின்னு சொன்னேன், மொறத்த வச்சிக்கிட்டு ஒக்காந்துருந்தா. காது கேக்கலன்னா நான் என்னா பண்ணுவேன்" என்றேன். முறம் என்று நான் சொன்னதும் ஜனங்கள் நம்பிவிட்டார்கள். என் ஞாபகசக்தி அன்றைக்கு அதற்குத்தான் பயன்பட்டது. யாரோ, கெழவிக்குக் காது அடைச்சிப் போச்சு என்று சொல்ல, கூட்டமே சிரித்தது. நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா சொன்னேன்னா சொல்லியிருப்பாங்க பெரியம்மா" என்றாய். பெரியம்மா உட்கார்ந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். தலை வாரிவிட்ட பெண்ணைப் பார்க்கிற பார்வை அது. அதற்கப்புறம் அவள் போர்க் குழாயில் குடிக்கக் கூடாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்கவென்றே நான் அந்தப் பக்கமாக நடந்து போனேன். இதையும் எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். போன வாரம் நூறு நாள் வேலையில் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஸ்டெல்லா கேட்டாள். அவள் மருமகளுக்கு இது முதல் பிள்ளை, மாசமாக இருக்கிறாள், தண்ணீரைக் குடித்தாலே குமட்டுகிறது என்கிறாளாம். "ஒங்க தெருவுல பைப்பு வந்ததும் அவளுக்கு மட்டும் ரெண்டு கொடம் ஒங்கூட்டுல புடிச்சிக்கிறேங்க்கா. ஜாஸ்தி வேணாம். ஒன் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல, படிச்ச புள்ள, அது பொய்யா சொல்லும்?" என்றாள். புடிச்சிக்க என்றேன். என் பெண் பொய் சொல்லமாட்டாள் என்று அவளே சொல்லிவிட்டு, என் பொய்யால் அவள் தெருவுக்கு வராமல் போன தண்ணீருக்கு என்னிடமே குடத்தை நீட்டுகிறாள். தண்ணீர் நிஜமாக எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நம் பக்கமே வரலாம். அளந்தால் நீதான் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது அந்தப் படத்தில் இருப்பது தண்ணீர் போகிற வழி இல்லை. என் பகை போன வழி.

நேற்று உன் போனை வைத்த கையோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எத்தனை வருஷத்துக்கப்புறம் அந்தப் படி ஏறினேன் என்பதை நான் கணக்கு வைத்திருக்கிறேன், உனக்கு எதற்கு அது. அவள் கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. பொண்ணைத் திரும்ப அளக்கக் கூப்பிடப் போகிறேன், அன்றைக்கு மோட்டாரை நிறுத்த வேண்டும் என்றேன். தேய்க்கிறதை நிறுத்தாமல் கேட்டாள், "அன்னிக்கி வந்து சொன்னேன்னியே, இப்ப ஏன் மறுபடி வந்து சொல்ற?" சொல்லவில்லை, பொய்தான் என்றேன். தைலப் புட்டியை மூடிக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கிட்ட தனியா வந்து சொல்லி என்னா. கூட்டத்துல போட்டத கூட்டத்துலதான் எடுக்கணும்" என்றாள். சரி என்றேன். அவள் எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த மோட்டார்க் கொட்டாய்ச் சாவியை எடுத்து வந்து என் எதிரில் நீட்டினாள். "நான் நிறுத்தறேன்னு சொன்னா, நாளைக்கி நான் நிறுத்தலன்னு நீ சொல்லுவ. இந்தா. ஒம் பொண்ணு வர்றதுக்கு மொத நாளு நீயே போயி பீஸ் கட்டையப் புடுங்கி வச்சிக்க" என்றாள். நான் வாசலுக்கு வந்த பிறகு, "பாப்பா எப்ப வருது?" என்று கேட்டாள். நீ வருகிற அன்றைக்குப் புளிசோறு கிளறத்தான் கேட்டிருப்பாள், உனக்கு அது பிடிக்கும் என்பது அவளுக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

ஆகவே வா. உன் பேர் கொஞ்சம் கெடும், ஆபீசில் கேட்பார்கள் என்பது தெரியும். அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்றே சொல். எனக்காகப் பேசாதே, ஒரு தடவை பேசியது போதும். பெரியம்மாவிடம் நீ கேட்க வேண்டிய மன்னிப்பை நீ தனியாகக் கேள், என் மன்னிப்போடு சேர்க்காதே. டெல்லியிலோ வேறு எங்கேயோ இனிமேல் தண்ணீரை அளக்கப் போனால், சொல்லிவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பி எழுதாதே, பெற்றவளாக இருந்தாலும் சரி. மோட்டார்க் கொட்டாயைத் திறந்து உன் கண்ணால் பார். ஒவ்வொரு ஊரிலும் வாய்க்கால் ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கிற ஒருத்தி இருப்பாள்.

பகை தீர்ந்துவிட்டது என்றும் எழுதமாட்டேன். மல்லாட்டைக் கொல்லையை நான் மறக்கவில்லை, அவளும் 'சும்மாதான' என்று சொன்னதற்கு வருத்தப்படவில்லை. ஆனால் அவள் சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. நடந்தால் இடிக்கிறது. அளந்து முடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன் கையில் கொடுத்தனுப்பலாமா என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். ஒரு தூக்கில் அரிசி போட்டு, அதன்மேல் சாவியை வைத்து, நானே கொண்டுபோகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா